பிறந்து ஆறு நாள்

முனீஸ்வரி சத்தமாகப் பேசுவாள். சண்டையில் மட்டுமல்ல, உப்புக் கேட்டாலும் அதே சத்தம்தான். பதினேழு வயதிலிருந்து செல்லூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் துண்டு நெய்கிறாள். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பதினாறு தறிகள். பத்து வருஷத்தில் மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக அவள் காதை விட்டுப் போய்விட்டன. மழை தூறுவது, பால் பொங்குவது, ஆனையூர் வீட்டில் மாமியார் முணுமுணுப்பது. கடைசியாகச் சொன்னது ஒரு நஷ்டமில்லை என்று அவளே சொல்வாள்.

சத்தம் போனதற்குப் பதிலாக உதடு படிக்க வந்தது. கொட்டகையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது வரும். எட்டுத் தறி தள்ளி நிற்கிறவள் டீ வந்துவிட்டது என்று வாயசைத்தால் போதும். யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பது வரைக்கும் வாயிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து வாய்க்கு என்று கொட்டகையைச் சுற்றி வந்துவிடும். முதலாளிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

அவளைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் குரலை வைத்துச் சொல்கிறார்கள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் உண்மையிலேயே கோபப்பட்டது இரண்டு முறை. இரண்டும் சோறு வடிப்பதற்குள் ஆறிப்போயின. இந்த மாசியில் வந்த கோபம் அப்படி ஆறவில்லை. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் அழகுபாண்டி சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பூர்வீகம் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். குலசாமி கோயில் அங்கேதான். சிவராத்திரி அன்று சாமியின் துணிமணியும் ஆயுதமும் வைத்த பெட்டி, ஊர் வீட்டிலிருந்து கோயிலுக்குக் காட்டு வழியாக நடந்து போகும். அதைத் தலையில் தூக்குகிற உரிமை பதினோரு பங்காளி வீட்டுக்கு முறை வைத்து வரும். இந்த வருஷம் அழகுபாண்டியின் வீட்டு முறை. எட்டு நாள் முன்னால் கையில் காப்புக் கட்ட வேண்டும். காப்புக் கட்டியவன் வீட்டில் ஒரு சாவோ ஒரு பிறப்போ நடந்தால் தீட்டு. பெட்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பதினோரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காப்புக் கட்டினார்கள். மறுநாள் காலை, வயிற்றில் பிள்ளையோடு இருந்த முனீஸ்வரிக்குக் கண் இருட்டி, கை கால் வெட்டி இழுத்தது. பிரஷர். லோடு ஆட்டோவின் பின்னால் சாக்கை விரித்து அழகுபாண்டிதான் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான். எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டான். மத்தியானம் வயிற்றைக் கீறி எடுத்துவிட்டார்கள். ஏழு மாதம் முடிந்து சில நாள். பெண். ஆயிரத்து நானூற்று அறுபது கிராம்.

கையெழுத்துப் போட்டவன் பிள்ளையைப் பார்க்க மேலே வரவில்லை. விரதம், ஆஸ்பத்திரிக்குள் அதிகம் நடமாடக் கூடாது என்று போனில் சொன்னான். முனீஸ்வரி அதை நம்பினாள். அப்போது அவளுக்கு நாக்குக்கூடப் புரளவில்லை.

சனிக்கிழமை காலையில் அவளைக் கங்காரு வார்டுக்கு மாற்றினார்கள். எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் இருக்கிற வார்டு. ஆர்த்திகா என்ற சின்ன வயது நர்ஸ் வந்தாள்.

"அக்கா, முன்பக்கம் பட்டனைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"பாப்பாவை நெஞ்சுல வைக்கணும். இனிமே நீங்கதான் அதுக்குச் சூட்டு மெஷின்."

பிள்ளையின் உடம்பில் ஒரு தொப்பி, ஒரு ஜட்டி, பொம்மைக்குப் போடுகிற மாதிரி இரண்டு காலுறை. வேறு ஒன்றும் இல்லை. முதுகில் பூனை மயிர். தோல், வெந்நீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கியிருந்தது.

"நடுவுல ஒரு துணி போடக் கூடாதா? குத்துமே அதுக்கு."

"துணி வேணாம். தோலும் தோலும் ஒட்டணும். அதுதான் வைத்தியம்."

"எத்தனை நிமிஷம்?"

ஆர்த்திகா சிரித்தாள். "நிமிஷமா? நாள் பூரா, அக்கா. முடிஞ்ச மட்டும்."

இரண்டு மார்புக்கும் நடுவே பிள்ளையை நிமிர்த்தி வைத்து, தவளை மாதிரிக் காலை மடக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அகலமான துணிப்பட்டையால் சுற்றிக் கட்டினாள். மூக்கு மூடக் கூடாது, கழுத்து மடங்கக் கூடாது, பாதம் சில்லிட்டால் உடனே கூப்பிட வேண்டும். மூச்சு நிற்கிற மாதிரி இருந்தால் உள்ளங்காலைச் சுண்ட வேண்டும்.

முனீஸ்வரிக்குப் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. பயம்தான் வந்தது. பிள்ளையின் மூச்சு சீராக இல்லை. நாலைந்து முறை வேகமாக ஓடும், பிறகு நின்று யோசிக்கும், மறுபடி ஓடும். தறியில் ஒரு இழை அறுந்தால் துணி கெடுவதற்கு முன்பே அவள் உடம்புக்குத் தெரிந்துவிடும். அந்த மாதிரி அவள் அந்த மூச்சுக்குக் காவலிருந்தாள். நின்றால் உள்ளங்காலைச் சுண்டினாள். கோபித்துக்கொண்ட மாதிரி ஒரு உதறல், பிறகு மூச்சு ஓடும். ஒரு மணி நேரத்தில் அவள் பயத்தை மறந்து அதை அதட்ட ஆரம்பித்திருந்தாள். "விடு மூச்சை. விடுடி. யாரு வந்து விடுவா ஒனக்கு?"

பக்கத்துக் கட்டில் முத்துமீனாவுக்கும் ஏழு மாதப் பிள்ளை. மேலூர்ப் பக்கத்துக்காரி. சாயங்காலம் அவள் எட்டித் தட்டி, "ஏக்கா, ஒன் பிள்ளை அழுகுது, நீ பாட்டுக்கு இருக்கியே?" என்றாள்.

முனீஸ்வரிக்குக் கேட்கவில்லை. அந்த அழுகை அம்புட்டு மெல்லியது. குனிந்து பார்த்தால் வாய் திறந்திருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, சத்தம் காதில் இல்லை, நெஞ்செலும்பில் இருக்கிறது என்று. தறி ஓடும்போது கட்டையில் கை வைத்தால் வருகிற மாதிரி ஒரு அதிர்வு. அதற்குப் பிறகு பசி அழுகை எது, ஈர அழுகை எது என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. ஆனால் பிள்ளையை எடுத்து நாலடி தள்ளி வைத்தால் ஒன்றும் தெரியாது. அது அழுகிறதா, தூங்குகிறதா, இருக்கிறதா, எதுவும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் ஒச்சாயி சாப்பாடு கொண்டுவந்தாள். வார்டுக்கு ஒரு கண்ணாடிக் கதவு. ஒச்சாயி அதைத் தாண்டவில்லை. தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, முத்துமீனாவின் அம்மாவிடம் எடுத்துப்போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். சுவரில் முதுகு படாமல், கதவில் கை படாமல் நின்றாள். வயசானவள், ஆஸ்பத்திரி என்றால் அருவருப்பு என்று முனீஸ்வரி நினைத்தாள்.

அப்போது ஒச்சாயிக்குப் போன் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பேசிய ஒவ்வொரு சொல்லையும் முனீஸ்வரி கட்டிலில் சாய்ந்தபடியே படித்தாள்.

இல்லத்தா. இன்னும் பெறக்கல.

வேறு யாரைப் பற்றியோ என்று நினைத்தாள்.

முனீசுக்கா? நல்லாத்தான் கெடக்கா. வலியே வரல. அடுத்த வாரம் ஆகும்னு டாக்டரு சொல்லியிருக்காக.

முனீஸ்வரி எழுந்தாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கட்டிய பிள்ளையை மறு கையால் அணைத்துக்கொண்டு நடந்துபோய்க் கதவைக் காலால் தள்ளினாள். ஒச்சாயி இரண்டு எட்டுப் பின்னால் போனாள்.

"யாரு அத்தை போன்ல?"

"ஊர்லேருந்துதான். ரசம் ஆறிப்போகும், போய்க் குடி."

"என்ன பெறக்கல?"

ஒச்சாயியின் முகம் சுருங்கியது. "மெதுவாப் பேசு. ஊருக்கே கேக்கும்."

"கேக்கட்டும். நெஞ்சுல கட்டியிருக்கேனே, இது என்ன? காய்கறிப் பையா?"

ஒச்சாயி அந்த மேட்டைப் பார்க்கவில்லை. எதிர்வெயிலில் நிற்கிறவள் மாதிரிக் கண்ணை இடுக்கி வேறு பக்கம் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். முனீஸ்வரி உதட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"மூணு நாளுதான் தாயி. புதங்கெழம பெட்டி கோயில்ல எறங்கிரும். வியாழக்கெழம பெறந்ததா சொல்லிக்கிருவோம். வியாழன் போயி வியாழன். ஒரு வாரம் முன்னப்பின்ன, அதுக்கு என்ன தெரியப் போகுது?"

"பெறந்த நாளை மாத்துவீகளா?"

"ஆஸ்பத்திரிக் காயிதத்துல உள்ளது இருந்துட்டுப் போகுது. நான் ஊருக்குச் சொல்றதைச் சொல்றேன்." ஒச்சாயி போனை மடியில் செருகிக்கொண்டாள். "ஒங்க மாமாவுக்கு மொறை வந்தப்ப என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது. ஏழாம் நாளு அவரு தம்பி செத்துப்போனாரு. கோயில் வாசல்ல அம்புட்டுப் பேரு முன்னாடியும் காப்பை அறுத்தாக. வெறுங்கையை ஆட்டிக்கிட்டு வீட்டுக்கு நடந்து வந்த மனுசன், அதுக்கப்புறம் அந்தக் கோயில் தெசைக்கே போகல. போகாமலே போய்ச் சேந்துட்டாரு. என் மகனுக்கும் அது நடக்கணுமா?"

கிழவியின் கண் கலங்கியிருந்ததை முனீஸ்வரி பார்த்தாள். மூன்று நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். கட்டிலில் வந்து சாய்ந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அத்தனை நேரம் எதிரில் நின்றும், பிள்ளை யார் சாயல் என்று ஒச்சாயி கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பிறக்காத பிள்ளையைப் பற்றி எப்படிக் கேட்பது?

"பல்லைக் கடிக்காதக்கா," என்றாள் முத்துமீனா. "பாலு சுண்டிப்போகும்."

"பாலு சுண்டாது. ரத்தம்தான் சுண்டுது."

திங்கட்கிழமை பொழுது சாய்ந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடத்தில் சீழ். செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, காய்ச்சல் இறங்கும் வரைக்கும் பிள்ளையை நெஞ்சில் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையை எடை போட்டார்கள். முந்தின நாளைவிட முப்பது கிராம் குறைவு.

ஆர்த்திகா பிள்ளையை அவிழ்த்து எடுத்தாள். கட்டு இருந்த இடத்தில் முனீஸ்வரியின் நெஞ்சில் காற்றுப் பட்டது. அவளுக்குக் குளிர்ந்தது.

"வீட்டு ஆளு யாராச்சும் வரச் சொல்லுங்கக்கா. அவுக நெஞ்சுல வைக்கலாம்."

"வேற ஆளு நெஞ்சு ஆகுமா?"

"யாரு நெஞ்சா இருந்தாலும் சூடு சூடுதான். பாட்டி, சித்தி, அத்தை. அப்பா வந்தா ரொம்ப நல்லது. ஆம்பளை ஒடம்புல சூடு ஜாஸ்தி. குளிச்சுட்டு, காய்ச்சல் சளி இல்லாம வரணும், அவ்வளவுதான். அதுவரைக்கும் மெஷின்ல வைக்கிறேன். ஆனா மெஷின் மூச்சு விடாதுல்ல? பக்கத்துல ஒரு மூச்சு ஓடுனாத்தான் இதுக்கும் ஞாபகம் வரும்."

முத்துமீனா தன் பிள்ளையைக் காட்டி, "இந்தப் பக்கம் எடமிருக்கு, ரெண்டையும் கட்டிக்கிடவா?" என்றாள். ஆர்த்திகா கூடாது என்று தலையாட்டினாள்.

முனீஸ்வரிக்கு அம்மா இல்லை. அக்கா திருப்பூரில், அவளுக்கும் கைப்பிள்ளை. வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். பதினோரு வீட்டுப் பங்காளிகளும், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் இருந்தார்கள். வளைகாப்பில் அவள் கன்னத்தில் சந்தனம் தடவிய கைகள் மட்டும் முப்பது இருக்கும்.

பத்தடி தூரத்தில் சூட்டு மெஷினுக்குள் பிள்ளை கிடந்தது. வாய் திறந்து மூடியது. அழுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை பேர் உதட்டையோ படித்தவள் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் படிப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

அழகுபாண்டிக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, கெளம்பி வாங்க. பிள்ளையை நெஞ்சுல வைக்க ஆளு வேணும். எனக்குக் காய்ச்சல்."

"நான் ஊர்ல இருக்கேன்டி. நாளைக்குப் பெட்டி. மத்தியானம் சாமி வீட்டுல பூசை இருக்கு."

"முப்பது கிராம் கொறைஞ்சிருச்சு."

"மெஷின்ல வச்சிருக்காகல்ல?"

"மெஷின் மூச்சு விடாதாம்."

"ஒரே ஒரு நாளு பொறு. வியாழக்கெழமை விடிய வாரேன். நாள் பூரா வச்சுக்கிறேன், போதுமா? இப்பத் தொட்டா எல்லாம் போச்சு. தெரிஞ்சுதான் பேசுறியா?"

"நாளைக்கு இன்னும் முப்பது போகும்."

"என்னை என்ன செய்யச் சொல்றே? சாமி பாத்துக்கிரும். அதுக்காகத்தானே நானே இந்த வெயில்ல வெறும் வயித்தோட கெடக்கேன்."

அவள் போனை வைத்தாள். சாமி பார்த்துக்கொள்ளும் என்றால் அந்தச் சாமி சட்டையைக் கழற்றிவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்காரட்டும். உட்காருமா?

பிறகு அழகுபாண்டியின் பெரியப்பா முத்திருளனைக் கூப்பிட்டாள். பங்காளிகளில் மூத்தவர். காப்புக் கட்டுவதும் அவர்தான், அறுப்பதும் அவர்தான். நியாயமான மனிதர் என்று பெயர். ஒரு பச்சைப் பிள்ளையை மறைத்து வைத்துப் பெட்டி தூக்குகிறார்கள் என்று தெரிந்தால் அவரே அழகுபாண்டியை அனுப்பி வைப்பார் என்றுதான் நினைத்தாள்.

"பெரிய மாமா, நான் முனீஸ்வரி. அழகுபாண்டி வீட்டுல."

"சொல்லுத்தா. ஒடம்பு எப்பிடி இருக்கு?" அவர் கணீரென்று பேசுகிறவர். போனைக் காதோடு அழுத்தினால் அவளுக்குக் கேட்கும்.

"மாமா, எனக்குப் பிள்ளை..."

"ஆத்தா, இரு, இரு." அவசரமாக மறித்தார். "நான் கோயில் வாசல்ல நிக்கிறேன். சுத்தி ஆளுக இருக்காக. நீ ஒடம்பப் பாத்துக்க. எதுனாலும் வியாழக்கெழம பேசுவோம்."



"ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

"எனக்கு என்னத்தா தெரியும்? யாரும் ஒன்னும் சொல்லல. சொன்னாத்தான் தீட்டு. காதுல விழுகாத வரைக்கும் தீட்டு இல்ல. அப்பிடித்தான் நம்ம கோயில் வழக்கம். நீ இன்னும் சொல்லல, நானும் இன்னும் கேக்கல. போனை வையி தாயி. நல்லதுக்குச் சொல்றேன்."

எல்லோருக்கும் தெரியும். பதினோரு வீட்டுக்கும் தெரியும். ஒச்சாயிக்குப் போன் போட்டு விசாரித்தார்களே, அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே கேட்டு, தெரியாத மாதிரிப் பதில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு ஊரே காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒன்றரைக் கிலோகூட இல்லாத ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

 

"மாமா, ஸ்பீக்கர்ல போடுங்க."

"என்னத்துக்கு?"

"சரி, போட வேணாம். என் சத்தத்துக்கு அது தேவையில்ல."

முனீஸ்வரி எழுந்து நின்றுகொண்டாள். பதினாறு தறி ஓடும்போது வாசலில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலை எடுத்தாள்.

"எனக்குப் பிள்ளை பெறந்து ஆறு நாளாச்சு! கேக்குதா? போன வியாழக்கெழம மத்தியானம் ரெண்டே கால் மணிக்குப் பெறந்துச்சு! பொம்பளப் பிள்ளை! அழகுபாண்டி பிள்ளை! பெறந்து ஆறு நாளாச்சு! சுத்தி நிக்கிறவுகளும் கேட்டுக்கங்க! பெறந்து ஆறு நாளாச்சு!"

வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. ஆர்த்திகா ஓடிவந்தாள். "அக்கா! அக்கா! என்னக்கா இது, வார்டுல!" முத்துமீனா தன் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தாள்.

போனைக் காதில் அழுத்திக்கொண்டு முனீஸ்வரி நின்றாள்.

"கேட்டுட்டேன்," என்றார் முத்திருளன். "எல்லாரும் கேட்டுட்டாக. இனிமே பதினோரு வருசம்த்தா."

"பிள்ளைக்கும் பதினோரு வயசாகணும்ல மாமா. மொதல்ல நாளைக்கு இருக்கணும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு அழகுபாண்டி வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாயில் ஓடிய கெட்ட வார்த்தைகளை எல்லாம் கதவு திறப்பதற்கு முன்பே அவள் படித்துவிட்டாள். ஒரு வாரத் தாடி, மஞ்சள் வேட்டி, அவசரத்தில் மாட்டிய சட்டை. வலது மணிக்கட்டில் காப்பு இல்லை. காப்பு இருந்த இடத்தில் மஞ்சள் சாயம் வளையமாக ஒட்டியிருந்தது.

அவன் கதவைத் தாண்டி உள்ளே வந்தான். இனி தாண்டுவதில் ஒன்றும் இல்லை.

"நல்லா இருப்பியாடி நீ? நூறு பேரு முன்னாடி கையை நீட்டச் சொல்லி அறுத்தாரு. அடுத்த மொறை சின்னக்கருப்பன் சித்தப்பா வீடு. அவுக வீட்டு ஆம்பளைக சிரிச்சாய்ங்கடி. சிரிச்சாய்ங்க! எங்கப்பனுக்கு நடந்தது அப்பிடியே எனக்கும் நடந்துச்சு."

"ஒங்கப்பாவுக்கு ஆளு செத்ததால நடந்துச்சு. ஒனக்குப் பிள்ளை பெறந்ததால நடந்துச்சு. ரெண்டும் ஒன்னாய்யா?"

மூன்று வருஷத்தில் அவனை அவள் நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவனும் அதைக் கவனித்தான்.

"எங்கம்மா ஊர்ல தெருவாசல்ல படுத்து அழுகுறா. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு பொறுக்க முடியல ஒனக்கு."

"சட்டையைக் கழட்டு."

"என்னது?"

"நாளைக்குத் திட்டு. நாளான்னைக்குத் திட்டு. பதினோரு வருசம் இருக்கு, பொறுமையாத் திட்டு. இப்பச் சட்டையைக் கழட்டு."

அவன் கையை ஓங்கியிருப்பான். ஆர்த்திகா நடுவில் வந்து நின்றாள். அவள் அவன் தோள் உயரம்கூட இல்லை.

"நீங்கதான் பாப்பாவோட அப்பாவா? அந்தக் கோடியில குளிக்கிற ரூம் இருக்கு. சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு வாங்க. நெஞ்சுல என்ன அது, சந்தனமா? அதையும் தேய்ச்சுக் கழுவிருங்க. கையில கழுத்துல ஒன்னும் இருக்கக் கூடாது."

"கையில ஒன்னும் இல்ல," என்றான் அழகுபாண்டி. முனீஸ்வரியைப் பார்த்துச் சொன்னான்.

அவன் திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆர்த்திகா பிள்ளையை எடுத்துவந்து அவன் நெஞ்சு மயிருக்கு மேல் குப்புற வைத்தாள். அவன் இரண்டு கையையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்து, போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டியதும் கையைத் தூக்குகிறவன் மாதிரி இருந்தான்.

"பிடிங்கண்ணே. லோடு மூட்டை இல்ல, கடிக்காது."

"நசுங்கிராதா?"

"நசுங்காது. ஒரு கையை அடியில குடுங்க, ஒன்னை முதுகுல வைங்க. ஆங், அப்பிடித்தான்."

ஆர்த்திகா துணிப்பட்டையைச் சுற்றினாள். அவன் உள்ளங்கை ஒன்றே பிள்ளையின் முதுகு முழுவதையும் மூடிவிட்டது. அந்தக் கை மிளகாய் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. அவனுக்குக் கோபத்தில் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. பிள்ளையும் கூடவே ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் மூச்சுக்குத் தன் மூச்சின் வேகம் தொந்தரவு செய்கிறது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். மூச்சை அடக்கி மெதுவாக விட்டான்.

"அசையவே இல்லையே?" பயந்துபோய் நிமிர்ந்தான்.

"உள்ளங்காலைச் சுண்டு," என்றாள் முனீஸ்வரி கட்டிலிலிருந்து.

சுண்டினான். கால் உதறிக்கொண்டது. அவன் குனிந்து பார்த்தான். என்னவோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. உதட்டில் தெரிந்தது.

இம்புட்டுத்தானா?

"ஆமா, இம்புட்டுத்தான்," என்றாள் அவள். "இதைச் சொல்லிரக் கூடாதுன்னுதான் அம்புட்டுப் பேரும் பயந்தீக."

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தாடை இறுகியே இருந்தது. கண்ணோரம் சிவந்திருந்தது, பிள்ளையாலா காப்பாலா என்று சொல்ல முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவளுக்கு விருப்பமில்லை. அவள் கோபமும் அப்படியேதான் இருந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால்.

"ஏழே முக்கால் வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"ஒன்னுக்கு வந்தா?"

"அடக்கு. வயித்துல தையலைப் போட்டுக்கிட்டு நான் அடக்கல?"

முத்துமீனா சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

அழகுபாண்டியின் சட்டை நாற்காலியின் கைப்பிடியில் தொங்கியது. சட்டைப் பையில் போன் அடித்தது. அவனுக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. முனீஸ்வரி எழுந்து வந்து எடுத்தாள். திரையில் அம்மா என்று இருந்தது.

அந்தப் பக்கம் அழுகையோ சாபமோ என்னவோ நடந்துகொண்டிருந்தது. மெல்லிய சத்தம். அவளுக்கு எதுவும் விழவில்லை. விழ வேண்டும் என்று அவள் போனை அழுத்தவும் இல்லை.

"அத்தை, ஒங்க மகனுக்குக் கை ஒழியல," என்றாள் தன் வழக்கமான சத்தத்தில். "பிள்ளையை வச்சுக்கிட்டு இருக்காரு. ஏழே முக்கால் வரைக்கும் அவரு மொறை. எட்டு மணியிலேருந்து ஒங்க மொறை. குளிச்சுட்டு வாங்க."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டாள்.

அழகுபாண்டி தலையைத் தூக்காமல் கேட்டான். "அம்மா என்ன சொன்னாக?"

"அவுக சொன்னது எனக்குக் கேக்கல," என்றாள் முனீஸ்வரி. "நான் சொன்னதை அவுக கேட்டுட்டாக."